பல் அறுவைச் சிகிச்சைக்குப் பின்: வாய் கொப்பளித்தலும் வீட்டுப் பராமரிப்பும்

பல் எடுத்தபின் அல்லது ஈறில் அறுவைச் சிகிச்சை முடிந்தபின் எங்கள் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஓர் அறிவுரைத் தாள் தருகிறோம். அப்போது உதடு மரத்திருக்கும். வாயில் காஸ் துணி இருக்கும். மனம் வீட்டை நோக்கியிருக்கும். தாள் மடிக்கப்பட்டுப் பைக்குள் போய்விடுகிறது. இரவில் ஓர் ஐயம் எழும்போது அந்தத் தாளைத் தேடுவதைவிட அண்டை வீட்டாரைக் கேட்பது எளிதாகிவிடுகிறது. அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வெந்நீரில் உப்புப் போட்டு நன்றாகக் கொப்பளியுங்கள்." நல்ல அறிவுரைதான், ஆனால் முதல் நாளில் அது தீங்கு விளைவிக்கும். எந்த அறிவுரை எந்த நாளுக்கு உரியது, ஏன் என்பதை நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். கீழ்த்தாடையின் கடைசிப் பல்லான ஞானப்பல்லை அகற்றியவர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறோம் என்றாலும், மற்றப் பற்களை எடுத்தவர்களுக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும்.

குழிக்குள் நடப்பது என்ன?

பல் இருந்த இடத்தில் எலும்புக்குள் ஒரு குழி உண்டாகிறது. சிறிது நேரத்தில் அக்குழி இரத்தத்தால் நிறைந்து, அந்த இரத்தம் உறைந்து கட்டியாகிறது. இந்த உறைகட்டியை அழுக்கென்று எண்ணித் துப்பிவிட முயல்வோர் பலர். உண்மையில் அதுவே இயற்கை இட்ட மூடி. திறந்த எலும்பையும் அதிலுள்ள நரம்பு நுனிகளையும் அது போர்த்திக் காக்கிறது. அதன்மீதே புதிய திசு வளர்கிறது. ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களில் மேற்புறம் ஈறால் மூடப்படுகிறது. உள்ளே எலும்பு நிரம்புவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

ஆகவே முதல் சில நாட்களில் வீட்டுப் பராமரிப்பின் நோக்கங்கள் இரண்டு. முதலாவது, அந்த உறைகட்டியைக் கலைக்காமல் காப்பது. இரண்டாவது, அதைச் சுற்றிலும் வாயைத் தூய்மையாக வைத்திருப்பது. முதல் நாளில் முதல் நோக்கமே மேலோங்கி நிற்கும். இரண்டாம் நாள் முதல் இரண்டையும் சேர்த்துப் பேண வேண்டும். கீழே நாங்கள் கூறும் விதிகள் யாவும் இவ்விரண்டிலிருந்தே பிறப்பவை.

முதல் 24 மணி நேரம்

வாயில் வைத்த காஸ் துணியை 30 முதல் 45 நிமிடம் வரை இறுகக் கடித்திருங்கள். இடையிடையே எடுத்துப் பார்ப்பதால் உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் கசியும். உமிழ்நீரைத் துப்பாமல் விழுங்கிவிடுங்கள். உமிழ்நீரில் சிறிது சிவப்பு கலந்திருப்பது முதல் நாள் முழுவதும் இயல்பே. ஒரு துளி இரத்தம் வாய் நிறைய உமிழ்நீரில் கலந்தால் நிறைய இரத்தம் போவதைப்போல் தோன்றும், அஞ்ச வேண்டாம்.

கசிவு மிகுந்தால், தூய காஸ் துணியை மடித்துச் சிறிது நனைத்துக் குழியின்மேல் வைத்து, மேலும் 30 நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தபடி கடித்திருங்கள். உதிரிப் பஞ்சை வைக்காதீர்கள்; அதன் இழைகள் உறைகட்டியில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கட்டியையும் பெயர்த்துவிடும்.

முதல் 24 மணி நேரத்தில் வாய் கொப்பளிக்கக் கூடாது. வெந்நீர், உப்புநீர், மருந்து நீர் எதுவாயினும் இதே விதிதான். உறிஞ்சுகுழல் வைத்து இளநீரோ பழச்சாறோ பருகக் கூடாது. உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாகும் இழுவிசை கட்டியைக் கிளப்பிவிடும். புகைத்தல் அறவே கூடாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. புகைப்பவர் இழுக்கும் விசையும் கேடு; புகையிலுள்ள நச்சுப்பொருள்கள் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதும் கேடு. முதல் நாளோடு நிறுத்தாமல், ஒரு வாரமேனும் விலகியிருங்கள். பலருக்கு அந்த ஒரு வாரமே நிரந்தரமாக விடுவதற்கான தொடக்கமாக அமைந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கன்னத்தின் வெளிப்புறத்தில், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் முதல் நாள் இவ்வாறு மாற்றி மாற்றிச் செய்யலாம். வெந்நீர் ஒத்தடம் முதல் இரண்டு நாட்களுக்கு வேண்டாம். அது இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். படுக்கும்போது இரண்டு தலையணைகளை வைத்துத் தலையை உயர்த்திக்கொள்ளுங்கள். பளுத் தூக்குதல், நெடுநேரம் குனிந்து வேலை செய்தல், உடற்பயிற்சி ஆகியவற்றை இரண்டு, மூன்று நாட்களுக்குத் தள்ளிவையுங்கள்.

உலர்குழி: நாங்கள் அஞ்சுவது எதற்காக?

உறைகட்டி தானே கரைந்துபோனாலோ பெயர்ந்து விழுந்தாலோ எலும்பு மூடியின்றி நிற்கும். இதை உலர்குழி என்கிறோம். மற்றப் பற்களைவிடக் கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கு இது மிகுதியாக வருகிறது. புகைப்போருக்கும், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கும், கடினமான முறையில் பல் அகற்றப்பட்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

இதன் போக்கை அறிந்துகொள்வது நலம். முதல் நாளும் இரண்டாம் நாளும் வலி குறைந்து வரும். நோயாளி ஆறிவிட்டது என்று எண்ணுவார். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வலி திடீரெனக் கூடி, காதையும் நெற்றிப்பொட்டையும் நோக்கிப் பரவும். மாத்திரை போட்டும் முழுதும் அடங்காது. வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் இருக்கும். காய்ச்சலோ பெரிய வீக்கமோ பெரும்பாலும் இராது. "பல்லை எடுத்த பிறகும் பல்வலியா?" என்று குடும்பத்தார் வியப்பர், பக்கத்துப் பல் கெட்டுவிட்டது என்று சிலர் கருதுவர்.

கைக்குழந்தையுள்ள ஒரு தாய் அறுவை முடிந்த அன்று மாலையே, இரத்தச் சுவை பிடிக்காமல், பலமுறை பலமாக வாய் கொப்பளித்தார். மூன்றாம் நாள் இரவு முழுவதும் உறங்க இயலாமல் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குப் பால் கொடுப்பதால் மாத்திரையே கூடாது என்று வீட்டார் தடுத்துவிட்டனர். மறுநாள் காலை எங்களிடம் வந்தார். குழியை மெதுவாகக் கழுவி, வலியைத் தணிக்கும் மருந்திட்ட காஸ் துணியை உள்ளே வைத்த அரை மணி நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. பாலூட்டும் தாய்மாருக்கு ஏற்ற வலிநிவாரணிகள் உண்டு என்பதையும் அவர் வீட்டாருக்கு விளக்கினோம். உலர்குழி உயிருக்கு ஊறு செய்வதன்று. சிகிச்சைக்கு விரைவில் கட்டுப்படுவது. ஆனால் அவர் பட்ட அந்த ஓர் இரவு தேவையற்ற துன்பம். அத்தகைய வலி தொடங்கினால், அடுத்த சந்திப்பு நாள்வரை பொறுத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

உப்புநீர்: அளவும் முறையும்

24 மணி நேரம் கடந்தபின் உப்புநீரே முதல் துணை. ஒரு தம்ளர், அதாவது ஏறத்தாழ 200 மில்லி, கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து முழுதும் கரையவிடுங்கள். உப்பைக் கூட்டினால் விரைவில் ஆறும் என்பது தவறு. மிகுந்த உப்பு புதிய திசுவை எரித்து வறளச் செய்யும். சூடு புறங்கையில் ஊற்றிப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். வாய் மரத்திருக்கும்போதும் புண்ணாக இருக்கும்போதும் நாக்கால் சூட்டைச் சரியாக அறிய முடியாது.

கொப்பளிக்கும் முறைதான் இங்கு முதன்மையானது. உணவுக்குப்பின் கொடகொடவென ஒலியெழக் கொப்பளித்து வேகமாக உமிழ்வது நம் வழக்கம். ஆறும் வாய்க்கு அது பொருந்தாது. ஒரு மடக்கு நீரை வாயில் கொண்டு, தலையை அறுவை நடந்த பக்கமாகச் சாய்த்து, அரை நிமிடம் அசையாமல் வைத்திருங்கள். பின்னர் மறுபக்கம் சாயுங்கள். கழுநீர்த்தொட்டியின்மேல் குனிந்து வாயைத் திறந்து, நீர் தானே வழிந்து விழ விடுங்கள். ஊதவோ உமிழவோ வேண்டாம். ஒவ்வொரு உணவுக்குப் பின்னும், உறங்கப் போகுமுன்னும் என நாளுக்கு நான்கைந்து முறை, ஒரு வாரம் இவ்வாறு செய்தால் போதும்.

உப்புநீர் கிருமிகளைக் கொல்லும் மருந்தன்று. தங்கிய உணவுத் துகள்களை அகற்றி, ஈற்றுக்கு இதமளித்து, வாயைத் தூய்மையாக வைப்பதே அதன் பணி. இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய் காரணமாக உப்பைக் குறைத்துள்ளோர், கொப்பளித்த நீரை விழுங்காமல் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

மருந்து கலந்த கொப்பளிநீர்

சிலருக்குக் குளோர்ஹெக்சிடின் எனும் மருந்துநீரை எழுதித் தருகிறோம். பற்களின்மேல் படியும் கிருமிப் படலத்தை அது தடுக்கும் என்பது 1970ஆம் ஆண்டிலேயே ஆய்வில் காட்டப்பட்டது. வாயின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெல்ல மெல்ல வெளிப்படுவது அதன் சிறப்பு. ஞானப்பல் எடுத்தவர்களுக்கு உலர்குழி வரும் வாய்ப்பையும் அது குறைக்கிறது. கடைகளில் 0.12 விழுக்காடு, 0.2 விழுக்காடு எனும் இரு செறிவுகளில் கிடைக்கிறது. எங்கள் சீட்டில் எழுதிய செறிவையும் அளவையும் மாற்றாதீர்கள். வழக்கமாக நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்.

இம்மருந்தைப் பயன்படுத்துவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பற்பசையிலுள்ள நுரைப்பொருள் இதன் ஆற்றலைக் குறைக்கும். எனவே பல் துலக்கி, நீரால் வாயைக் கழுவி, அரை மணி நேரம் கழித்தே இதைப் பயன்படுத்துங்கள். இரண்டு, கொப்பளித்தவுடன் நீர் விட்டு வாய் கழுவாதீர்கள்; அரை மணி நேரம் உண்ணவும் பருகவும் வேண்டாம். மூன்று, காப்பியும் தேநீரும் மிகுதியாகப் பருகுவோருக்குப் பற்களிலும் நாக்கிலும் பழுப்புக் கறை படியலாம். சுவையும் சில நாள் மாறித் தோன்றலாம். இவை நிலையானவை அல்ல. கறையைப் பின்னர் நாங்கள் அகற்றிவிடுவோம். ஆனால் இதன் காரணமாகவே, நாங்கள் குறித்த நாட்களுக்குமேல் இம்மருந்தைத் தொடர வேண்டாம். பயன்படுத்தியதும் உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

போவிடோன் அயோடின் கொப்பளிநீர் பல வீடுகளில் தொண்டைப் புண்ணுக்காக வாங்கி வைக்கப்பட்டிருக்கும். தைராய்டு நோயுள்ளோரும், கருவுற்றோரும், பாலூட்டுவோரும், அயோடின் ஒவ்வாமை உள்ளோரும் எங்களைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆல்கஹால் கலந்த நறுமணக் கொப்பளிநீரை ஆறும் புண்ணில் விடுவது எரிச்சலையே தரும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதால் உறைகட்டியைக் கலைத்துவிடலாம். நாங்கள் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கிராம்பும் மஞ்சளும் நல்லெண்ணெயும்

வீட்டு மருந்துகளை நாங்கள் இகழ்வதில்லை. கிராம்பிலுள்ள யூஜெனால் எனும் பொருள் வலியைத் தணிக்கும். பல் மருத்துவத்தில் நாங்களே அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அளந்து, கலந்து, உரிய இடத்தில் வைக்கும் மருந்து வேறு. கிராம்பு எண்ணெயை அப்படியே பஞ்சில் நனைத்துத் திறந்த குழியில் திணிப்பது வேறு. பின்னது ஈற்றை வேகவைத்துவிடும். கிராம்புத்தூள், மஞ்சள்தூள், கற்பூரம் ஆகியவை குழிக்குள் போய்த் தங்கிவிட்டால் அவையே அழுக்காகிக் கிருமிக்கு இடமாகும். எண்ணெய்க் கொப்பளிப்பு பதினைந்து, இருபது நிமிடம் கன்னத்தை அசைப்பதை வேண்டுவது; புண் ஆறும்வரை அது வேண்டாம். மஞ்சளை மிதமான சூட்டில் பாலில் கலந்து பருகுவதில் தடையில்லை. பெரியவர்கள் அன்போடு எடுத்துவரும் மருந்தை மறுப்பது எளிதன்று. "மருத்துவர் குழிக்குள் எதையும் வைக்கக் கூடாது என்றார்" என்று எங்கள்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

பல் துலக்குதல்

வலிக்கும் என்று அஞ்சிப் பல நாள் பல் துலக்காதிருப்பவர்கள் உண்டு. அறுவை நடந்த இடத்தைத் தவிர்த்து, மறுநாள் முதலே மற்றப் பற்களை மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். மூன்று, நான்கு நாட்களுக்குப்பின் அவ்விடத்தை மெதுவாக அணுகலாம். தையல் இருந்தால் அதை நாக்கால் தொட்டுப் பார்ப்பதும் விரலால் இழுப்பதும் வேண்டாம். சில தையல்கள் தானே கரையும்; மற்றவற்றை ஏறக்குறைய ஒரு வாரத்தில் நாங்கள் பிரிப்போம். குழிக்குள் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு படலம் தெரிந்தால் அதைச் சீழ் என்று எண்ணிச் சுரண்டாதீர்கள். பெரும்பாலும் அது ஆறுகின்ற திசுவே.

உணவு

மரப்பு நீங்கும்வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மணி நேரம், மெல்லும் உணவு வேண்டாம். பின்னர் ஆறிய கஞ்சி, தயிர்சாதம், பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த பொங்கல், மசித்த வாழைப்பழம், அவித்த முட்டை, கடைந்த பருப்பு எனத் தொடங்கலாம். முதல் நாள் எதுவும் சூடாக வேண்டாம். காரம், ஊறுகாய், முறுக்கு, பொரி, எள், வேர்க்கடலை போன்றவற்றை ஒரு வாரம் தவிருங்கள். சிறு துணுக்குகள் குழியில் சிக்கிக்கொள்ளும். மறுபக்கத்தால் மெல்லுங்கள். நீர் நிறையப் பருகுங்கள், தம்ளரில்.

மருந்துகளும் உடனிருக்கும் நோய்களும்

மரப்பு முழுதும் நீங்குமுன்னரே முதல் வலிநிவாரணியை உட்கொள்வது நலம். வலி உச்சத்துக்குப் போனபின் அடக்குவது கடினம். பாராசிட்டமால் எடுக்கும்போது, காய்ச்சல், சளி மாத்திரைகளிலும் அதே மருந்து இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் கெடும். இபுபுரூஃபென் வகை மருந்துகள் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளோருக்கு ஏற்றவை ஆகாமல் போகலாம். அறுவைக்குப் பின் ஆஸ்பிரினை வலிக்காகத் தாமே வாங்கிப் போடக் கூடாது. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். அதே வேளையில், இதயத்துக்காக ஆஸ்பிரினோ வேறு இரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ உட்கொள்பவர் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. வாயில் கசியும் இரத்தத்தை நாங்கள் நிறுத்திவிட முடியும்; இதயக்குழாயிலோ மூளையிலோ அடைப்பு நேர்ந்தால் அதன் விளைவு வேறு.

நீரிழிவு உள்ளவர்கள் வலியால் உண்ணாமல் இருந்துவிட்டு, வழக்கமான இன்சுலினையோ மாத்திரையையோ போட்டுக்கொண்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். உண்ண முடியாத நிலை வந்தால், அளவை என்ன செய்வது என்று எங்களையோ உங்கள் நீரிழிவு மருத்துவரையோ கேளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுவாக்கும் ஊசி, மாத்திரை எடுத்தவர்களும், தாடைப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களும் பல் எடுப்பதற்கு முன்னரே அதைத் தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு எலும்பு ஆறுவது தாமதமாகும். நீண்ட காலம் எங்கள் கண்காணிப்பு தேவை.

உடனிருப்போருக்கு

குழந்தைகள் மரத்த உதட்டையும் கன்னத்தையும் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வர். மரப்பு நீங்கும்வரை அருகிலிருந்து பாருங்கள். கொப்பளிக்கத் தெரியாத சிறு குழந்தைக்கு மருந்துநீர் கொடுக்காதீர்கள், விழுங்கிவிடும். முதியோர் மாத்திரை நேரத்தை மறக்கக்கூடும். ஒரு தாளில் எழுதி, கொடுத்தபின் குறியிடுங்கள். மூன்றாம் நாள்வரை வீக்கம் கூடிப் பின்னர் வடிவதே இயல்பு என்பதையும், வாய் திறப்பது சில நாள் குறைந்திருக்கும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். என்ன வரும் என்று முன்னரே தெரிந்தவருக்கு அச்சம் பாதி குறையும்.

தாமதியாமல் வர வேண்டிய நிலைகள்

• அரை மணி நேரம் இறுகக் கடித்தும் நிற்காத இரத்தப்போக்கு
• மூன்றாம் நாளுக்குப்பின் குறையாமல் கூடும் வீக்கம், சீழ், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட காய்ச்சல்
• குறைந்துவந்த வலி மீண்டும் கடுமையாதல்
• மறுநாளும் நீங்காத உதடு, நாக்கு மரப்பு
• மேற்கடைவாய்ப்பல் எடுத்தபின், பருகும் நீர் மூக்கு வழியாக வருதல்

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. நாக்கின் அடியிலும் தாடைக்குக் கீழேயும் வீக்கம் பரவி, உமிழ்நீரை விழுங்க முடியாமல், குரல் மாறி, மூச்சுவிடத் தடுமாறும் நிலை. தொற்று கழுத்துக்குள் இறங்குவதன் அடையாளம் இது. மூச்சுப் பாதை சில மணி நேரத்தில் அடைபடலாம். அப்போது கொப்பளிநீரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், விடியட்டும் என்ற எண்ணமும் வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைத்து, அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். இத்தகைய நோயாளிகளுள் மிகுந்த இடருக்கு உள்ளாவோர், வீட்டிலேயே மேலும் ஒரு நாள் பொறுத்துப் பார்த்தவர்களே.

பல் எடுத்த பெரும்பாலோருக்கு இவற்றுள் எதுவும் நேராது. உறைகட்டியைக் காத்து, மறுநாள் முதல் உப்புநீரை வாயில் மெதுவாகக் கொண்டு, மென்மையான உணவை உண்டு, குறித்த நாளில் எங்களைப் பார்த்தால், ஒரு வாரத்தில் அன்றாட வாழ்வுக்குத் திரும்பிவிடலாம். அறிவுரைத் தாளைப் பைக்குள் வைக்காமல், வீட்டார் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அதில் எங்கள் பிரிவின் தொலைபேசி எண் உள்ளது. ஐயம் சிறிதாயினும் கேளுங்கள், அதற்காகவே இருக்கிறோம்.